கூறல் பாடும் நேரம்

கோவில்பட்டிக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் கரிசல் மண்ணும் கடலைமிட்டாயும்தான். நாற்பத்திரண்டாவது வயதில், ஏசி போட்ட ஓர் அறையில், சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு நான் முதன்முதலாகக் கடலைக் கேட்டேன். அதுவரை பார்த்ததோடு சரி.

ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டவள் ரெனிட்டா. அரசாங்கத்தின் கடல் ஒலி ஆய்வு மையத்தில் அவளுக்கு வேலை. அவள் ஊர் பக்கத்திலேயே, தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள மீன்பிடிக் கிராமம். நான் கடலடியில் இணையக் கேபிள் போடும் தனியார் கம்பெனியின் இன்ஜினியர். பெயர் சிவபாலன்.

காதுக்குள் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்டது. "கருவி கெட்டுப்போச்சா?" என்றேன்.

"அது இறாலு சார்," என்று சிரித்தாள். "லட்சக்கணக்குல இருக்கு. கொடுக்கை நொடிக்குது. இப்ப ஒரு உறுமல் வந்துச்சுல்லா? அது சரக்குக் கப்பலு. இன்னும் நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் கேபிள் கரையிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் கடலுக்கடியில் ஓடுகிறது. தலைமயிர் பருமனுள்ள கண்ணாடி இழைகள். அதில் யாருக்கும் பயன்படாமல் கிடந்த ஓர் இழையைத்தான் ஆய்வு மையம் கேட்டு வாங்கியிருந்தது. அதற்குள் ஒளியை விட்டு விட்டு அனுப்பினால், இழை எங்கே துளி அசைந்தாலும் திரும்பி வரும் ஒளியில் அது தெரியும். பத்து மீட்டருக்கு ஒரு காது என்று கணக்குப் போட்டால் கடலுக்கு ஒன்பதாயிரம் காதுகள். இத்தனை வருடம் நாங்கள் சினிமாவும் அரட்டையும் அனுப்பிக்கொண்டிருந்த கம்பிக்குப் பக்கத்திலேயே இது சும்மா கிடந்திருக்கிறது.

இதை மீனவர்களுக்கு விளக்க நான் முப்பது படங்கள் தயாரித்துக்கொண்டு மாதா கோயில் மண்டபத்துக்குப் போனேன். இரண்டாவது படத்திலேயே கூட்டம் கொட்டாவி விட்டது. ரெனிட்டா எழுந்தாள்.

"தூண்டிக் கயித்த விரல்ல சுத்தி வச்சிருக்கிய. நாப்பது பாகத்துக்குக் கீழ மீனு எரைய மோந்து பாத்தாலே உங்க விரலுக்குத் தெரிஞ்சிருது. இதும் அப்பிடித்தான். கயிறு கண்ணாடி. விரலு கம்ப்யூட்டரு."

அவ்வளவுதான். மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. அன்றைக்கே ஆய்வு மையம், கம்பெனி, படகுச் சங்கம் என மூன்று தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். புயலின் நீள அலை எங்கே எழுகிறது, கடலடி மண் எங்கே சரிகிறது என்று இழை சொல்லும். சங்கத்தின் முந்நூற்று நாற்பது படகுகளின் இன்ஜின் சத்தத்தையும் தனித்தனியாக அது அடையாளம் காணும். ஆபத்து வந்தால் யார் எங்கே என்று தெரிந்துவிடும். முதல் இரண்டு வருடத்தில் ஆறு புயல்கள் வந்தன. எங்கள் கரையில் ஓர் ஆள் சாகவில்லை. அதற்கு முன்பு வருடத்துக்கு ஒரு வீட்டிலாவது ஒப்பாரி கேட்கும் என்று சொன்னார்கள். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

அந்தத் தலைகால் புரியாத நேரத்தில்தான் புள்ளிகளைப் போட்டேன்.

காப்பீட்டுக் கம்பெனி ஒன்று எங்களோடு சேர முன்வந்தது. படகு எங்கே நிற்கிறது என்று எல்லோரும் பார்க்கும்படி வெளிப்படையாக வைத்தால் நல்லது என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. கைபேசிச் செயலியில் ஒவ்வொரு படகும் ஒரு நீலப் புள்ளி. வீட்டில் இருப்பவர்கள் பார்த்து நிம்மதியாக இருக்கலாம். ரெனிட்டா மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"சார், ஒருத்தர் பாரை இன்னொருத்தர் பாக்குத மாதிரி வைக்காதிய."

பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. மீன் அங்கேதான் கூடும். எந்தத் திட்டு எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு குடும்பத்தின் ரகசியம். கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் ஒன்றுக்கொன்று நேர் பார்த்து, ஆழத்தைக் கயிறு விட்டு, விரித்த கைகளின் நீளம் ஒரு பாகம் என்ற கணக்கில் அளந்து, மனதுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். கூடப் பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

"உயிர் பெரிசா, பாறை பெரிசா?" என்று கேட்டேன். பெரிய புத்திசாலி மாதிரி கேட்டேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அவளுடைய அண்ணன் ஆஸ்வால்ட். பேச்சே கிடையாது. கேட்ட கேள்விக்குத் தலையசைப்பான், அதையும் யோசித்துத்தான் அசைப்பான். கூறல் மீன் பிடிப்பதில் அந்தக் கரையில் அவனுக்கு நிகர் இல்லை. அவன் எங்கே பிடிக்கிறான் என்று தெரிந்துகொள்ளத் தவியாய்த் தவித்தவர் படகுச் சங்கத் தலைவர் பெனான்சியுஸ். அறுபது வயது, இடிக்குரல், போதாததற்குத் தோளில் எப்போதும் ஒலிபெருக்கி வைத்த ஒரு கைமைக். மறியலிலும் மைக், திருவிழாவிலும் மைக். ஒருமுறை நடுக்கடலில் ஆஸ்வால்டைப் பார்த்துவிட்டு அந்த மைக்கில் "புயல் வருது, கரைக்கு ஓடு" என்று கத்தியிருக்கிறார். அவன் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அந்த இடத்தில் தூண்டியை இறக்கிவிட்டார். அது வெறும் சேற்றுத்தரை; அவனுடைய பார் அங்கே இல்லை. கரைக்கு வந்த ஆஸ்வால்ட் தெளிந்த வானத்தையும், பின்னால் வந்து இறங்கிய அவரையும் பார்த்திருக்கிறான். அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது.

புள்ளிகள் வந்தபிறகு ஆஸ்வால்டின் புள்ளி ஒரு வழக்கம் பழகியது. கரையிலிருந்து கிளம்பும், தென்கிழக்கே போகும், ஓரிடத்தில் பட்டென்று மறையும். மறுநாள் அதே இடத்தில் முளைத்துக் கரைக்கு வரும். இன்ஜினை அணைத்துவிட்டு, பாய் விரித்தோ துடுப்புப் போட்டோ நாலைந்து மைல் ஒளிந்து போகிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வயர்லெஸ்ஸையும் அணைத்துவிடுவானாம். ரெனிட்டாவுக்கு அப்போதே தெரியும். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் காப்பீட்டு விதி பேசியிருப்பேன்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. காலையில் வானிலை அறிக்கை, புயல் நாகப்பட்டினத்துக்கும் வடக்கே போய்விடும் என்றது. நடுப்பகலில் ரெனிட்டா ஹெட்போனைக் கழற்றாமலே என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"சார், தென்கிழக்கிலருந்து நீள அலை வருது. பதினெட்டு செகண்டுக்கு ஒண்ணு. இது வடக்க போற புயல் இல்ல. திரும்பிட்டு."

ஒன்றரை மணிக்குள் வானிலை மையமும் அதை ஒத்துக்கொண்டது. இரவு எட்டரைக்குள் காற்று கரையைத் தொடும். கோயில் சைரன் ஊதியது. எல்லாக் கைபேசியும் அலறியது. திரையில் நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பிக் கரையை நோக்கி நகரத் தொடங்கின. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஆயிரத்துச் சொச்சம் மனிதர்கள், ஒரு கண்ணாடி நூல் சொன்ன வார்த்தையை நம்பி வீட்டுக்கு வருகிறார்கள். சாமி கும்பிட்டுப் பல வருடம் ஆன எனக்கு அப்போது கைகூப்பத் தோன்றியது.

ஐந்து மணிக்கு முந்நூற்று முப்பத்தொன்பது படகுகள் கரையில் இருந்தன. ஆஸ்வால்டின் படகு இல்லை. அதில் அவனோடு மூன்று பேர்.

முந்தைய நாள் மாலை மறைந்த புள்ளி இன்னும் முளைக்கவில்லை. அங்கிருந்து அவன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போயிருக்கலாம். காலையில் ஒருமுறை வயர்லெஸ்ஸைத் திறந்து அறிக்கையைக் கேட்டுவிட்டு மறுபடி அணைத்திருப்பான். வானம் இருட்டினாலும் வடக்கே போகிற புயலின் வால் என்று நினைத்து உட்கார்ந்திருப்பான். ரோந்துக் கப்பல் நாலரை மணி நேரத் தொலைவில் இருந்தது. மேகத்தில் ஹெலிகாப்டர் கிளம்ப முடியாது. மாவட்டப் பேரிடர் அலுவலர் போனில் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: "எந்த இடம்னு சொல்லுங்க, சிவபாலன். இடம் இல்லாம நான் யாரை எங்க அனுப்ப?"

ஒன்பதாயிரம் காதுகள் இருந்தும் அந்த இடம் எனக்குத் தெரியவில்லை. உயிர் பெரிதா, பாறை பெரிதா என்று கேட்டவன் நான். அந்த நாலு பேரை ஒளிய வைத்ததே என்னுடைய நீலப் புள்ளிதான் என்பது அப்போது உறைத்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு பெனான்சியுஸ் உள்ளே வந்தார். சட்டை நனைந்திருந்தது. தோளில் மைக்.

"எங்கன நிக்குதான்னு மட்டும் சொல்லு மக்கா. என் படகு இருபது மைல் வேகம் போவும். நான் போயித் தூக்கிட்டு வாரேன்."

"தெரியல மாமா," என்றாள் ரெனிட்டா. "இன்ஜின் ஓடுனாத்தான எனக்குத் தெரியும்? சும்மா கெடக்க படகு சத்தம் போடாதுல்லா."

சொல்லிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். மணி ஐந்து நாற்பது. பொழுது சாயும் நேரம்.

"கூறல் பாட ஆரம்பிச்சிட்டு," என்றாள்.

ஒலியை அறைக்குத் திறந்துவிட்டாள். முதலில் ஒன்று, குடத்தைக் கவிழ்த்துத் தட்டுவது போல. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. மேசையில் இருந்த டீ டம்ளர் நடுங்கியது. கூறல் மீனுக்கு வயிற்றுக்குள் ஒரு காற்றுப் பை உண்டு. பொழுது சாய்கிற நேரத்தில் அதைத் தட்டித் தட்டி ஒன்றையொன்று கூப்பிடுமாம். திரையில் இழையின் பதினாலு கிலோமீட்டர் நீளத்துக்கு மஞ்சள் நிறம் படர்ந்தது. அத்தனையும் பாட்டு. புயல் வருவது தெரிந்தோ தெரியாமலோ, நாம் யாரும் காது கொடுக்காத காலத்திலிருந்து தினமும் அந்தக் கடல் இப்படிப் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த அவசரத்திலும் நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"சார், அங்க பாருங்க."

மஞ்சளுக்குள் ஒரு கறுப்புப் பொட்டு. அந்த இடத்தில் மட்டும் பாட்டு இல்லை. சற்று நேரத்தில் மஞ்சள் அதை மூடியது. மறுபடி கறுப்புத் திறந்தது.

"கப்பல் ஏதாவது முழுகிக் கிடக்குமோ?" என்றேன்.

"அதுன்னா எப்பவும் ஒரே மாதிரி இருக்கும். இது தெறக்குது, மூடுது." அவள் திரையில் அந்தப் பொட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். "ஒரு கூறல் தூண்டில மாட்டிச்சுன்னா வேற மாதிரி கத்தும் சார். அதக் கேட்டா சுத்தி இருக்கதெல்லாம் வாய மூடிரும். கொஞ்ச நேரங்கழிச்சுப் பயம் தெளிஞ்சு திரும்பப் பாடும். அங்கன யாரோ தூண்டி போட்டு ஒவ்வொண்ணா இழுக்குதாவ." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "எங்கண்ணன் நல்லா இருக்கான் மாமா. மீன் புடிச்சிட்டு இருக்கான்."

நான் அந்த இடத்தின் எண்களைப் பேரிடர் அலுவலருக்குச் சொல்லப் போனை எடுத்தேன். பெனான்சியுஸ் என் கையைப் பிடித்தார்.

"ஒங்க ஆபீசர் அம்மாகிட்ட சொல்லுங்க, கப்பலுக்குச் சொல்லுங்க. என்கிட்ட மட்டும் நம்பர் சொல்லாதிய."

"பிறகு எப்படிப் போவீங்க?"

"ரெனிட்டா என் இன்ஜினைக் கேக்கும்லா? இடது, வலதுன்னு அது சொல்லட்டும். நான் ஜிபிஎஸ் மேல துண்டப் போட்டு மூடிருதேன்." பிறகு தணிந்த குரலில், "தெரிஞ்சா பொறவு மறக்க முடியாது தம்பி. என்னைய எனக்குத் தெரியும்," என்றார்.

ஆறு மணிக்குக் கிளம்பினார். ரெனிட்டா வயர்லெஸ்ஸில் சொல்லச் சொல்ல அவருடைய புள்ளி திரையில் ஓடியது. "இன்னும் வலது மாமா. போதும். நேராப் போங்க." அவர் நெருங்க நெருங்க இன்ஜின் சத்தத்தில் கூறல்கள் ஒவ்வொரு கூட்டமாக வாயை மூடின. மஞ்சள் அணைந்துகொண்டே வந்தது. கடைசியில் திரை முழுக்கக் கறுப்பு. இனிமேல் எங்களுக்கும் கண் இல்லை.

"இன்ஜினை அணைங்க மாமா. அங்கனதான் எங்கயோ இருக்கான். வெளிச்சம் தெரியுதா?"

"இப்ப ஒரு லைட்டு தெரிஞ்சுது மக்கா." வயர்லெஸ்ஸில் காற்று இரைந்தது. "அணைஞ்சிட்டு."

நான் கலங்கிப்போனேன். "படகு கவிழ்ந்துடுச்சா?"

ரெனிட்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இல்ல சார். இது எங்கண்ணன் வேல. மாமா இன்ஜின் சத்தம் அவனுக்குத் தெரியும். பாரைத் தேடி வந்துட்டாவன்னு வெளக்க அணைச்சிட்டான். நங்கூரத்தையும் தூக்கிருப்பான்."

பெனான்சியுஸ் மைக்கை எடுத்துக் கத்தினார். வயர்லெஸ் வழியாக எங்களுக்கும் கேட்டது. "ஏய் ஆஸ்வால்டு! பெனான்சியுஸ் பேசுதேன். புயல் திரும்பிட்டு. கரைக்கு வா!"

பதில் இல்லை.

"நம்ப மாட்டான் மாமா," என்றாள் ரெனிட்டா. "இதே வார்த்தையச் சொல்லி ஒருக்கா ஏமாத்திருக்கிய."

"ஆமா," என்றார் பெனான்சியுஸ். அந்தக் குரலை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

வயர்லெஸ்ஸில் ரெனிட்டா பேசுவதை மைக்கில் பிடித்து ஆஸ்வால்டுக்குக் கேட்கவைக்கப் பார்த்தார். கீய்ங் என்று காதைக் கிழிக்கும் ஊளைதான் வந்தது. மணி ஏழு ஐந்து. அலை அவருடைய படகையே தூக்கிப் போட ஆரம்பித்திருந்தது.

"மக்கா, இந்த வயர்லெஸ் பட்டனைத் தூண்டி நரம்பு வச்சுக் கட்டிருதேன். இனி நீ பேசுதது எனக்குக் கேக்காது. இங்கன நடக்குதது உங்களுக்குக் கேக்கும். அவன் கொரல் குடுத்தா கரையில அவன் பொண்டாட்டி கேக்கட்டும். கெடந்து அழுதிட்டு இருக்கும் பாவம்."

அதன்பிறகு மைக்கில் கத்தத் தொடங்கினார்.

"ஆஸ்வால்டு, நான் உன் பாருக்கு வரல. உன் பாரு எனக்கு வேண்டாம். எங்கப்பா எனக்குக் குடுத்த பாரை இப்ப உனக்குச் சொல்லுதேன். கேட்டுக்கோ. நான் பொய் சொன்னா என் பிள்ளைய நல்லா இருக்க மாட்டாவ."

சொன்னார். ஒரு மலையையும் ஒரு புகைபோக்கியையும் சொன்னார். அவை எப்படி ஒன்றன்மேல் ஒன்று நிற்க வேண்டும் என்று சொன்னார். தெற்கே ஒரு கோயில் சிலுவை எதைத் தொட வேண்டும், கயிறு எத்தனை பாகம் இறங்கும், கடைசிப் பாகத்தில் கையில் என்ன தட்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அடையாளங்களை நான் இங்கே எழுதமாட்டேன். அவருடைய மகனுக்கே அவர் அதுவரை அதைச் சொல்லியிருக்கவில்லை. வயர்லெஸ் பட்டன் கட்டிக் கிடப்பதை மறந்துவிட்டாரா, தெரிந்தேதான் கத்தினாரா என்று இன்றுவரை நான் கேட்டதும் இல்லை. எங்கள் அறையில் பச்சை விளக்குகள் எரிந்தன. அந்த அலைவரிசையில் அப்போது எத்தனை வயர்லெஸ்கள் திறந்திருந்தன என்று அவை காட்டும். முப்பத்தொன்று.

கத்தி முடித்தார். காற்று. மறுபடியும் காற்று. ரெனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு பெனான்சியுஸின் குரல், மைக் இல்லாமல், ஒரு குழந்தை சொல்வது மாதிரி வந்தது: "லைட்டு போட்டுட்டான்."

நாலு பேரையும் படகோடு கரைக்குக் கொண்டுவந்தபோது மணி எட்டு. அடுத்த அரைமணி நேரத்தில் வந்த காற்று மீன் ஏலக் கூடத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. கரையோரம் ஒன்பது வீடுகள் விழுந்தன. ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அந்தப் புயலில் எங்கள் கரையில் ஓர் உயிர் போகவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கோயில் மண்டபத்தில் விசாரணைக் கூட்டம். மூன்று தரப்பும் இருந்தோம். பேரிடர் அலுவலர் நேர்மையான அம்மையார், ஒவ்வொரு நிமிடமும் பதிவாக வேண்டும் என்பவர். மீட்பு நேரத்தில் வயர்லெஸ்ஸில் என்ன பேசப்பட்டது என்று கேட்டார். பெனான்சியுஸ் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய பார் இனி ஊர்ச்சொத்து என்று நான் நினைத்தேன்.

"கேட்டவங்க யார் யார்? கை தூக்குங்க," என்றார் அலுவலர்.

ஒரு கையும் எழவில்லை.

"எனக்கு சார்ஜ் எறங்கிட்டு மேடம்," என்றார் முன்வரிசையில் ஒருவர். "நான் சோறு தின்னுட்டு இருந்தேன்," என்றார் அடுத்தவர். "எம்பொண்டாட்டி டிவி சத்தத்த கூட்டி வச்சிட்டா." "என் செட்டுல தண்ணி போயிட்டு." இப்படியே பின்வரிசை வரை போனது. முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

அலுவலருக்குக் கோபம் வந்தது. புயல் நேரத்தில் வயர்லெஸ்ஸை அணைத்து வைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று பத்து நிமிடம் திட்டினார். பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவர்கள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். சாக்குச் சொன்ன முப்பத்தொரு பேரும் ஞாயிற்றுக்கிழமை வந்து, வயர்லெஸ்ஸை எப்படித் திறப்பது என்று ஒருநாள் வகுப்பில் உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டார். "சரிங்க மேடம்," என்று கோரஸாகச் சொன்னார்கள்.

"சிவபாலன், உங்க பதிவுல என்ன இருக்கு?"

என் பையில் முழு ஒலிப்பதிவும் இருந்தது. சொட்டு இரைச்சல் இல்லாமல், ஒவ்வொரு சொல்லும். பதினெட்டு வருட வேலையில் நான் ஓர் அறிக்கையில்கூடப் பொய் எழுதியதில்லை.

"அந்த ரெண்டு நிமிஷம் காத்து இரைச்சல்தான் மேடம்," என்றேன். "ஒண்ணும் புரியல."

அன்றிரவே அந்த இரண்டு நிமிடத்தை அழித்தேன். ரெனிட்டா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்ஜினியர் புத்தி, சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஆஸ்வால்ட் வெளியே தன் படகில் தூண்டிக் கயிறுகளைச் சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒண்ணு கேக்கணும். ஏற்கெனவே ஏமாத்துனவர் சொல்றாரு, இதுதான் என் பார்னு. எந்த மலையும் எந்தக் கோபுரமும் சொல்லலாமே? அவர் நெசத்தைத்தான் சொல்றாருன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஆஸ்வால்ட் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினான். வழக்கம்போல யோசித்தான். மண்டபத்தின் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ஒரு பாகம் கூட மாத்திச் சொல்லல சார் அவிய."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்படின்னா அந்த இடம் உங்களுக்கு…"

"பன்னெண்டு வருசமாத் தெரியும். ஒரு நாளு பனியில வழி தப்பிப் போயி அதுமேலயே நின்னுட்டேன். தூரத்துல அவிய படகு வாரதப் பாத்துட்டு ஓசையில்லாம வந்துட்டேன்."

"பிறகு போகவே இல்லையா?"

"ஒரு தூண்டி போட்டதில்ல." கொஞ்சம் வியப்போடு என்னைப் பார்த்தான். "அது அவிய பாருல்லா சார்?"

நான் அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பதாயிரம் காதுகளை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கும் மேலாக இந்தக் கடலைக் கேட்கிறேன். பன்னிரண்டு வருடமாக அதில் இருந்த இந்த ஒன்று என் காதில் விழவே இல்லை.

"அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார்," என்று பதறினான். அத்தனை வேகமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. "என்னைய ஏமாத்துனத நெனச்சு மனுசன் தூங்க மாட்டாவ."

மறுநாள் செயலியிலிருந்து நீலப் புள்ளிகளை எடுத்தோம். இனி படகு நிற்கும் இடம் பெட்டிக்குள் பூட்டியே கிடக்கும். ஆபத்து என்று இழை சொன்னால் மட்டும் அது திறக்கும். காப்பீட்டுக் கம்பெனி முணுமுணுத்தது. புதிய ஒப்பந்தத்தில் ஆஸ்வால்டே முதல் ஆளாக வந்து கையெழுத்துப் போட்டான். இனி வயர்லெஸ்ஸை அணைக்க மாட்டேன், இன்ஜினோடேயே போகிறேன் என்றான். அவனைப் பார்த்து, இதுவரை சேராமல் இருந்த பக்கத்து ஊர்ப் படகுகள் நூற்றைம்பதும் சேர்ந்துகொண்டன.

மாலையில் நானும் ரெனிட்டாவும் ஆய்வு மையத்தில் இருந்தோம். கூறல் பாடும் நேரம். ஒரு படகு கரையிலிருந்து கிளம்பியது. அந்த இன்ஜின் சத்தம் இப்போது எனக்கே தெரியும், பெனான்சியுஸுடையது. தன் பாருக்குப் போக அது எந்தத் திசையில் திரும்பப்போகிறது என்பது அடுத்த பத்து நிமிடத்தில் காதில் விழுந்துவிடும்.

ரெனிட்டா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நானும் என்னுடையதைக் கழற்றினேன். கருவி தன்பாட்டுக்குக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டு, இருவரும் டீ குடிக்கப் போனோம்.